பாட்டன் பெட்டி பழைய இரும்பு அல்ல!

நம் தோட்டத்து லயங்களில் கட்டிலுக்கு அடியில் கட்டாயம் ஒரு தகரப்பெட்டி இருக்கும். பாட்டனோ பாட்டியோ கப்பலேறியபோது கூடவே வந்த பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் வீட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. "என்னமோ பழைய சாமானுங்க" என்பார்கள். ஒரு குத்துவிளக்கு, ஒரு செம்பு, மடித்த மடிப்பிலேயே கிழிந்து வரும் ஒரு பட்டுச்சேலை, நாலைந்து கறுப்பு வெள்ளைப் படங்கள், நூல் சுற்றிய ஒரு காகிதக் கட்டு. இவ்வளவுதான்.

இவ்வளவுதானா? அதைப் பற்றித்தான் இன்று நாம் கொஞ்சம் மனம் விட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது. பல தோட்டங்கள் இருந்த இடத்தில் இன்று வீடமைப்புப் பகுதிகள் நிற்கின்றன. லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு மாறும் குடும்பங்களை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். லோரி வந்து நிற்கும். டெலிவிஷன் ஏறும், ஐஸ்பெட்டி ஏறும், மெத்தை ஏறும். கடைசியில் தகரப்பெட்டியிடம் வருவார்கள். "ஏம்மா, அங்க இருக்கிறதே மூணு ரூம்பு. இந்தத் துருப்பிடிச்ச பெட்டிய எங்க கொண்டு போயி வைக்கிறது?" என்பான் மகன். கிழவி வாய் திறக்கமாட்டாள். அன்று சாயங்காலமே பழைய இரும்புக்காரர் வந்து, நிறுத்துப் பார்த்து, கிலோ கணக்கில் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

விற்ற காசு ஒரு வாரச் சாமானுக்குக் காணாது. ஆனால் போன பொருள் ஏழு தலைமுறைக்கும் திரும்பாது.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி மூலம் ஆள் கட்டி அனுப்புவது, இந்திய அரசாங்கம் தடை போட்டதால் 1938-இல் நின்றது. அதற்கு முன்னும் பின்னும் நம் முன்னோர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சிங்கப்பூரிலும் இறங்கினார்கள். 'ரஜூலா' கப்பல் என்றால் இன்றும் பெரியவர்கள் முகம் மலரும். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை ஓடியது. அதில் வந்தவர்கள் காடு, தோட்டம், வீடு எதையும் தூக்கி வரவில்லை. தூக்க முடிந்த அளவுக்குத்தான் கொண்டு வந்தார்கள். அப்படியிருந்தும் ஒரு விளக்கையும் செம்பையும் சுமந்து வந்தார்கள் என்றால், அவை அவர்களுக்கு எவ்வளவு வேண்டியவையாக இருந்திருக்க வேண்டும்!

பிறகு 1942-இல் ஜப்பான்காரன் வந்தான். அவன் அச்சடித்த பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்ததால் 'வாழைமரத்து நோட்டு' என்று பெயர். 1945-இல் அவன் தோற்றதும் அந்த நோட்டு வெறும் காகிதமாயிற்று. சில வீடுகளில் இன்னும் அது கட்டுக்கட்டாக இருக்கிறது. 1942-43-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட நம் ஆட்களை வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அப்படிப் போன ஒருவரின் படம் உங்கள் பெட்டியில் இருந்தால், அவருக்குக் கல்லறை அதுதான், வேறு கிடையாது.

1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூருக்கு வந்தபோது, தோட்டத்துப் பெண்கள் கழுத்திலும் கையிலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களும் உண்டு. அந்தக் காலத்து ஒரு படமோ, சட்டையில் குத்திய வில்லையோ இருந்தால், அது உங்கள் வீட்டுச் சொத்து மட்டுமல்ல. நம் சமுதாயத்தின் சொத்து.

காகிதமே முதல் சொத்து

நகையைப் பூட்டி வைப்போம். காகிதத்தைத் தலையணைக்கு அடியில் செருகுவோம். இது நம் பழக்கம். நியாயமாகப் பார்த்தால் இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். நகை போனால் சம்பாதித்து வாங்கலாம். பாட்டனின் பிறப்புப் பத்திரம் போனால் யாரிடம் போய்ச் சம்பாதிப்பது?

நாம் பட்டதெல்லாம் மறந்துவிடக் கூடியதா? இந்த நாட்டில் அடையாளக் கார்டு 1948-இல் வந்தது. 1957-இல் சுதந்திரம் கிடைத்தபோது, "எல்லாம் கிராணி பாத்துக்குவாரு" என்று குடியுரிமைக்கு மனுப்போடாமல் இருந்துவிட்டவர்கள் பலர். 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று 1969-இல் வந்தபோது, பல்லாயிரம் பேர் பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு கப்பலேற நேர்ந்தது. இன்றும் சிவப்புக் கார்டோடு இருக்கும் பெரியவர்களும், கார்டே இல்லாத பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பதிவு இலாகாவுக்குப் போகும்போது முதலில் கேட்கும் கேள்வி, "சூரா பிரானா இருக்கா? அப்பா அம்மா கல்யாணப் பத்திரம் இருக்கா?" என்பதுதான்.

கல்யாண விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1-இல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் கோயிலில் தாலி கட்டியவர்களின் கல்யாணத்தைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பின் கோயிலில் கட்டினாலும் பதிவு செய்தாக வேண்டும். ஆகவே 1982-க்கு முந்திய கல்யாணம் என்றால் பத்திரிகையையும், மாலையும் கழுத்துமாக நிற்கும் படத்தையும் பத்திரமாக வையுங்கள். என்றைக்காவது சாட்சி சொல்லும்.

இன்னும் எவை முக்கியம்? பழைய பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், தோட்டம் மாறியபோது கொடுத்த வேலைக் கடிதம், பள்ளிச் சான்றிதழ், சங்கச் சந்தா அட்டை, 1951-இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியின் பழைய காகிதங்கள். துன் சம்பந்தன் 1960-இல் தொடக்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் பத்து வெள்ளி கட்டிச் சேர்ந்தவர்கள் நம் பாட்டன்மார். அந்தப் பங்குப் பத்திரம் கட்டுக்குள் கிடந்தால், வாரிசுகள் சங்கத்தில் போய் விசாரிக்கலாம். பெட்டியைத் திறந்து பார்க்காதவர்களுக்கு இது எப்படித் தெரியும்?

காகிதத்தைக் காப்பது இப்படி:

சூடு வைத்து ஒட்டும் பிளாஸ்டிக் உறை, அதாவது 'லேமினேட்', அசல் பத்திரங்களுக்கு வேண்டவே வேண்டாம். ஒட்டியதை மறுபடி உரிக்க முடியாது. காகிதம் உள்ளேயே கெட்டுவிடும். நகலுக்குச் செய்யுங்கள், தவறில்லை. கிழிந்த இடத்தில் ஒட்டும் 'டேப்' போடாதீர்கள். நாளாக ஆக அது மஞ்சளாகிப் பிசுபிசுத்துக் காகிதத்தையும் தின்றுவிடும். குண்டூசி, கிளிப் இரண்டையும் கழற்றுங்கள், துரு இறங்கும். ரப்பர் வளையமும் கூடாது. நாம் வெட்டிய பாலில் பிறந்ததுதான் என்றாலும், உஷ்ணத்தில் உருகிக் காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மடித்ததை மெல்லப் பிரித்து நீட்டி, சுத்தமான வெள்ளைக் காகித உறையில் ஒவ்வொன்றாக வையுங்கள். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றாதீர்கள். நம் பத்திரிகையாகவே இருந்தாலும் வேண்டாம்! அந்தத் தாளில் உள்ள அமிலம் பக்கத்துக் காகிதத்தையும் பழுப்பாக்கும்.

எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடியுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள். ஒரு வீட்டில் தீப்பிடித்தாலும் இன்னொரு வீட்டில் சாட்சி இருக்கும். ஆனால் ஒன்று: அசலுக்கு அசல்தான். படம் இருக்கிறதே என்று அசலை அலட்சியம் செய்யக்கூடாது. யாரிடமும் வட்டிக்கு வாங்கிவிட்டு அடையாளக் கார்டைப் பிணையாகக் கொடுக்கவும் கூடாது. அடுத்தவன் கார்டைப் பிடித்து வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம்.

படத்துக்குப் பொட்டு வைக்கலாமா?

இறந்தவர் படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது நம் வழக்கம். வையுங்கள், ஆனால் கண்ணாடிமேல் வையுங்கள். கண்ணாடி உடைந்த படத்தில் நேரே வைத்தால், பத்து வருஷத்தில் பாட்டியின் நெற்றி இருக்கும் இடத்தில் ஓட்டைதான் இருக்கும். எண்ணெய் விளக்குப் புகையும் ஊதுபத்திப் புகையும் நேராகப் படாதபடி சற்றுத் தள்ளி மாட்டுங்கள்.

படம் கண்ணாடியோடு ஒட்டிப்போவது நம் ஊரில் சகஜம். காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் நாடு இது. சுமார் 65, 70 விழுக்காட்டைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே ஓரத்தில் கனமான அட்டைச் சட்டம் வைத்துச் சின்ன இடைவெளி விடச் சொல்லுங்கள். ஏற்கனவே ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு அப்படியே படம் பிடித்துப் புதுப் பிரதி போட்டுக்கொள்ளுங்கள்.

பசை பூசிய பக்கம்மேல் பிளாஸ்டிக்கை இழுத்து மூடும் ஆல்பம் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. அந்தப் பசை படத்தைக் கெடுக்கும். எளிதாக வருகிற படங்களை எடுத்து உறையில் போடுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் பின்பக்க ஓரத்தில், மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், யார், எந்தத் தோட்டம், ஏறக்குறைய எந்த வருஷம் என்று எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வரும்.

பித்தளை, வெண்கலம், வெள்ளி, பட்டு

குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது நமக்குக் கைவந்த வேலை. தேய்த்தபின் புளியை நன்றாகக் கழுவி, துணியால் துடைத்து, இடுக்குகளில் ஈரம் போகும்வரை காயவைக்க வேண்டும். ஈரத்தோடும் எண்ணெயோடும் பெட்டியில் வைத்தால் பச்சைக் களிம்பு ஏறும். அடிக்கடி தேய்ப்பதும் நல்லதல்ல. எழுத்து வெட்டிய பாத்திரங்களில் பெயரே தேய்ந்து மறைந்துவிடும். அந்தப் பெயர்தானே அதன் மதிப்பு!

வெள்ளிச் சாமானுக்குக் கந்தகம் ஆகாது, கறுத்துவிடும். ரப்பர் வளையத்தில் கந்தகம் உண்டு. ரப்பர் விரிப்பின் மேலும் வைக்காதீர்கள். பழைய பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாமல் மூடி வைத்தால் போதும்.

பால் வெட்டிய உளி, மங்கு, காண்டாக் கம்பு ஆகியவற்றை யாரும் பொருளாகவே நினைப்பதில்லை. நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளை, "தாத்தா என்ன வேல செஞ்சாரு?" என்று கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? உளியில் தையல் மெஷின் எண்ணெய் லேசாகத் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பட்டுச்சேலைக்கு முதல் எதிரி நாம் போடும் பூச்சி உருண்டைதான். உருண்டை நேராகப் பட்டால் வெள்ளிச் சரிகை கறுக்கும். காய்ந்த வேப்பிலை, வசம்பு, கிராம்பு இவற்றைத் துணியில் முடிந்து ஓரத்தில் வையுங்கள். சேலையைத் துவைத்துக் காயவைத்த பழைய வெள்ளை வேட்டியில் சுற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும்.

நகையும் அடகுக்கடையும்

காசுமாலை, அட்டிகை, தண்டட்டி, பாம்படம். இந்தப் பெயர்களே இன்று நம் பெண்பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விட்டன. "பழைய மாடல்" என்று கடையில் கொடுத்துப் புது நகை வாங்குகிறோம். எடைக்கு விலை கிடைக்கும். வேலைப்பாட்டுக்கு ஒரு காசு கிடைக்காது. புது நகைக்குக் கூலியும் சேதாரமும் நாம்தான் கொடுக்க வேண்டும். ஆக, இரண்டு பக்கமும் நஷ்டம் நமக்கே. உருக்கிய பாம்படத்தை மறுபடி அதே மாதிரி செய்து தர இன்று ஆசாரி கிடைப்பதும் அரிது.

கஷ்டம் வந்தால் விற்காமல் அடகு வைப்பது மேல். ஆனால் உரிமம் உள்ள கடையாகப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டு அடகுக்கடைச் சட்டம், மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கூடாது என்றும், மீட்க ஆறு மாதத் தவணை என்றும் வகுத்தது. சீட்டில் எடை, தொகை, தவணை நாள் மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தவணை நாளைக் கலண்டரில் பெரிதாக எழுதுங்கள். தாலி ஏலத்துக்குப் போவது வட்டி கட்ட முடியாமல் மட்டுமல்ல; தேதி மறந்தும் போகிறது. சீட்டு தொலைந்தால் உடனே கடைக்குச் சொல்லிவிட்டுப் போலீசில் புகார் எழுதுங்கள்.

வீட்டில் வைப்பவர்கள் அரிசிப் பானையிலும் சாமி மேடைக்குப் பின்னாலும் மறைக்கிறார்கள். திருடனும் நம்மைப்போல் வீட்டில் வளர்ந்தவன்தான். அங்கேதான் முதலில் தேடுவான். பெரட்டு நேரத்தில் லயமே காலியாக இருக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். தினமும் போடாத நகையை வங்கிப் பெட்டகத்தில் வைக்க முடிந்தால் வையுங்கள். வாடகை உண்டு, ஆகவே அண்ணன் தம்பி சேர்ந்து எடுக்கலாம். எதுவானாலும் ஒவ்வொரு நகையையும் படம் பிடித்து, எடையையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது?

சிமெண்டுத் தரையில் நேராக வைக்காதீர்கள். நாலு செங்கல் போட்டு, மேலே பலகை போட்டு வையுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். அப்போதுதான் கரையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். குளியலறைச் சுவர் ஓரம் ஆகாது. தகரக் கூரைக்குக் கீழே பரணும் ஆகாது. மத்தியானச் சூட்டில் அவிந்துவிடும். அடுப்பும் சாமி விளக்கும் எரியும் இடத்துக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. பலகை வீட்டில் தீப்பிடித்தால் என்ன மிஞ்சும் என்பதைப் பார்த்தவர்கள் நாம்.

மருந்து டப்பாவிலும் சப்பாத்துப் பெட்டியிலும் வரும் சிறு சிறு ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை எறியாமல் சேர்த்துப் பெட்டியில் போடுங்கள். காகிதங்களுக்கு, இறுக்கி மூடும் பிஸ்கோத்து டின் போதும். காசு செலவழித்து ஒன்றும் வாங்கத் தேவையில்லை. மழை விட்டு வெயில் காயும் ஒரு நாளில், மாதம் ஒருமுறை, பெட்டியைத் திறந்து காற்றாட வைப்பதே பெரிய மருந்து. பூட்டியே வைத்த பெட்டியில்தான் பூச்சி குடித்தனம் நடத்தும்.

வெள்ளம் வந்துவிட்டால்?

2014 டிசம்பரில் கிளந்தானும், 2021 டிசம்பரில் சிலாங்கூரும் மூழ்கியதை மறக்க முடியுமா? உயிர் தப்பியதே போதும் என்று ஓடியவர்கள், பிறகு பத்திரங்களுக்காக மாதக்கணக்கில் அலைந்தார்கள். ஆகவே காகித டின்னை மட்டும் தனியாக, கைப்பிடி உள்ள ஒரு பையில், நீர் புகாத பிளாஸ்டிக்கில் சுற்றி, உயரத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் அது கதவோரம் இருக்கட்டும். பிள்ளையைத் தூக்கும் கையோடு அதையும் தூக்கலாம்.

நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள், சுருண்டு வெடிக்கும். நிழலில், காற்றாடிக்குக் கீழே, சுத்தமான வெள்ளைக் காகிதத்தை இடையிடையே வைத்து உலர்த்துங்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டிய படங்களைக் காயும் முன்பே நல்ல தண்ணீரில் மிதக்க விட்டால் பிரிந்து வரும், பலவந்தமாக இழுக்கக்கூடாது. இரண்டு நாளைக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அதற்குள் முடியாவிட்டால், பிளாஸ்டிக் பையில் போட்டு ஐஸ்பெட்டியின் உறையும் அறையில் வைத்துவிட்டால் பூஞ்சை வளராது. பிறகு சாவகாசமாக ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம்.

கதை இல்லாத பொருள் பிணம்

எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அது யாருடையது என்று சொல்ல ஆளில்லை. அப்போது என்ன ஆகும்? செம்பு வெறும் செம்பு ஆகிவிடும். பழைய இரும்புக்காரர்மேல் நமக்குக் கோபமில்லை. அவர் பிழைப்பு அது. நாம் சொல்லாததால்தான் நம் பிள்ளைகள் அவரைக் கூப்பிடுகிறார்கள்.

பள்ளிப் பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். பாட்டி சொல்லட்டும், பேத்தி எழுதட்டும். "இந்தச் செம்பு எங்க ஆத்தா குடுத்தது. கப்பல்ல வர்றப்போ இதுலதான் தண்ணி வச்சிருந்தோம்." இந்த இரண்டு வரி போதும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அந்த எண்ணைச் சிறு அட்டையில் எழுதி நூலில் கட்டுங்கள். பொருளின் மேல் ஒட்டாதீர்கள். எது யாருக்கு என்பதையும் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லிவிடுவது நல்லது. காரியத்தன்று விளக்குக்காக அண்ணன் தம்பி முகம் திருப்பிக்கொண்ட வீடுகளை நாம் அறிவோம்.

வைத்துக் காக்க வீட்டில் ஆளில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் (ஆர்கிப் நெகாரா) 1957-இல் தொடங்கப்பட்டது. தனியார் காகிதங்களையும் படங்களையும் அங்கே சேர்த்துக் காக்கிறார்கள். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் 2015-இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்திலும், குடும்பங்கள் கொடுத்த பொருள்கள் காட்சியில் இருக்கின்றன. கொடுப்பதானால் எழுத்தில் இரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அசலையா, நகலையா, எதைக் கொடுக்கிறோம் என்பதையும் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். "படம் எடுத்திட்டுத் தர்றேன்" என்று முகம் தெரியாதவர் கேட்டால் மட்டும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். உங்கள் கண்முன்னே எடுக்கச் சொல்லுங்கள்.

நம்முடைய பெயர் துரைமார் எழுதிய புத்தகங்களில் இல்லை. செக்ரோலில் ஒரு நம்பராக இருந்தோம். அந்தச் செக்ரோலும் பல தோட்டங்களில் செல்லரித்துப் போயிற்று. நாம் இங்கே வந்தோம், உழைத்தோம், கல்யாணம் செய்தோம், பிள்ளை பெற்றோம் என்று சொல்ல மிச்சமிருப்பது நம் வீட்டுப் பொருள்கள்தாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பசியாறியதும், பெரியவர்களை நாற்காலி போட்டு உட்கார வைத்து, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். முதலில் காகிதக் கட்டைப் பிரியுங்கள்.